திகில் பட வரலாற்றுத் தொடரை எப்படிப் பார்ப்பது: ஒரு பயந்தாங்கொள்ளியின் வழி

முதல்முறை நான் செய்த தப்பிலிருந்தே தொடங்குகிறேன். மார்க் கேட்டிஸ் தொகுத்து வழங்கிய 'எ ஹிஸ்டரி ஆஃப் ஹாரர்' 2010 அக்டோபரில் பிபிசி ஃபோரில் வந்த ஆவணத் தொடர். மூன்றே பகுதிகள், பகுதிக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம். மூன்று மணி நேரம்தானே என்று ஒரே ராத்திரியில் பார்த்து முடித்தேன். விடியும்போது கைநிறையப் படங்களின் பெயர் தெரியும், பாதிப் படங்களின் முடிவும் தெரியும். ஆனால் ஒரு படத்தைக்கூடப் பார்த்திருக்கவில்லை. அப்புறம் அவற்றைத் தேடிப் பார்த்தபோது, தூக்கிவாரிப்போட வேண்டிய இடமெல்லாம் "ஓ, இதுதானா அது" என்று கடந்து போனது.

தொடர்மேல் குற்றமில்லை. ஹிட்ச்காக்கின் 'சைக்கோ' படத்தைப் பற்றிப் பேசுகிறவர் அந்தக் குளியலறைக் கொலைக் காட்சியைக் காட்டாமல் எப்படிப் பேசுவார்? முன்னேற்பாடு நம் வேலை. இரண்டாம் முறை நான் அக்காவோடு பார்த்தேன். வாரம் ஒரு படம், இரண்டு மூன்று படம் முடிந்ததும் தொடரில் ஒரு பகுதி. நான்கு மாதம் ஆனது. கீழே இருப்பது அந்த நான்கு மாதத்தில் கற்றது.

முதலில் தொடரைத் தேர்ந்தெடுப்பது. இந்த வகையில் எளிதாகக் கண்ணில் படுவது இரண்டு. ஒன்று கேட்டிஸுடையது, காலவரிசையில் போகும். இன்னொன்று 2018இல் அமெரிக்காவின் ஏஎம்சி தொலைக்காட்சியில் தொடங்கிய, திகில் பட இயக்குநர் ஈலாய் ராத்தின் தொடர். அது ஸோம்பி, ரத்தக்காட்டேரி, பேய்வீடு என்று வகைவகையாகப் பிரிந்திருக்கும், பேசுகிறவர்களும் நிறைய. புதிதாக வருகிறவர் கேட்டிஸில் தொடங்குவதே நல்லது என்பேன். எதற்குப் பின் எது வந்தது என்று தெரியாமல் வகைகளைப் பார்த்தால் எல்லாம் ஒரே காலத்தில் நடந்ததுபோலத் தோன்றும். கேட்டிஸ் நடிகர், எழுத்தாளர், 'ஷெர்லாக்' தொடரை உருவாக்கிய இருவரில் ஒருவர். தனக்குப் பிடித்ததைத்தான் பேசுகிறார், அதை மறைப்பதும் இல்லை. எனக்கு அது போதும்.

அடுத்து ஒரு நோட்டு. இடப்பக்கத்தில் படம் பார்த்ததும் எனக்குப் பட்டதை எழுதுவேன். வலப்பக்கம் காலி. தொடரைப் பார்க்கும்போது அதே படத்தைப் பற்றி அவர்கள் சொல்வதை அங்கே எழுதுவேன். இரண்டும் ஒத்துப்போனால் மகிழ்ச்சி, முட்டிக்கொண்டால் இன்னும் மகிழ்ச்சி. நான் நட்சத்திரம் போடுவது முட்டிக்கொள்ளும் இடங்களுக்குத்தான்.

முதல் பகுதி ஹாலிவுட்டின் யுனிவர்சல் ஸ்டுடியோ காலம். அதற்கு முன் பார்க்க வேண்டியவை 'தி ஃபேண்டம் ஆஃப் தி ஓபரா' (1925), 'ஃபிராங்கன்ஸ்டைன்' (1931), 'கேட் பீப்பிள்' (1942). பின்னவை இரண்டும் எழுபது நிமிடத்தை ஒட்டியவை, ஆகவே நேரமில்லை என்று சொல்ல முடியாது.

'ஃபேண்டம்' மௌனப் படம். முகமூடி கழலும் காட்சி வந்ததும் ரிமோட்டைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். முகமூடிக்காரராக நடிக்கும் லான் சேனி நம்மைப் பார்த்தபடி ஆர்கன் வாசிக்கிறார், அந்தப் பெண் அவருக்குப் பின்னால் நிற்கிறாள். அவள் முகமூடியை உருவியதும் அந்த முகத்தை முதலில் பார்ப்பது அவளல்ல, நாம். அவர் திரும்பிய பிறகுதான் அவளுக்குத் தெரிகிறது. ஒரே முகம், இரண்டு முறை பயம். அந்த ஒப்பனையையும் சேனியே போட்டுக்கொண்டார். இதை மூன்று தடவை நிறுத்தி நிறுத்திப் பார்த்த பிறகுதான், கேமராவை எங்கே வைக்கிறோம் என்பதில் எவ்வளவு இருக்கிறது என்று எனக்கு உறைத்தது.

'ஃபிராங்கன்ஸ்டைன்' பார்க்கும்போது ஒன்றைச் சரிபாருங்கள். ஏரிக்கரையில் ஒரு சிறுமியும், ஃபிராங்கன்ஸ்டைன் உயிர்கொடுத்த அந்த உருவமும் பூக்களைத் தண்ணீரில் போட்டு மிதக்கவிட்டு விளையாடுவார்கள். பூ தீர்ந்துபோனதும் அது சிறுமியைத் தூக்கிப் போடும், அவளும் மிதப்பாள் என்று நினைத்து. இந்தத் துண்டைத் தணிக்கையில் வெட்டிவிட்டார்கள். பல பத்தாண்டுகள் கழித்து, 1980களில்தான் அது படத்துக்குத் திரும்பி வந்தது. வெட்டிய பிரதியில் அது சிறுமியை நோக்கிக் கை நீட்டுவதோடு காட்சி முடிந்துவிடும், அப்புறம் அப்பா அவள் உடலைத் தூக்கிக்கொண்டு ஊருக்குள் வருவார். நடுவில் என்ன நடந்திருக்கும் என்று பார்ப்பவர் மனம் எங்கெங்கோ போகும். பயத்தைக் குறைக்கப் போட்ட கத்தரி அதைக் கூட்டிவிட்டது. உங்கள் பிரதியில் அந்தத் துண்டு இல்லையென்றால் வேறு பிரதி தேடுங்கள்.

1931 'டிராகுலா'வைப் பற்றியும் ஒரு வார்த்தை. டிராகுலாவாகப் பேலா லுகோசி வரும் முதல் இருபது நிமிடம் அபாரம், பிறகு அது மேடை நாடகமாகிவிடுகிறது. என் கருத்துதான், சண்டைக்கு வராதீர்கள். தலைப்புக்குப் பிறகு பின்னணி இசை ஏறக்குறைய இல்லை. அச்சில் ஏதோ கோளாறு என்று நான் ஒலியைக் கூட்டிக்கொண்டே இருந்தேன். கோளாறில்லை, பேசும் படம் வந்த புதிதில் எடுத்தது அப்படி. இரவில் அதே அரங்குகளில் வேறு நடிகர்களை வைத்து ஸ்பானிஷ் மொழியிலும் ஒரு டிராகுலா எடுத்தார்கள். கிடைத்தால் இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

'கேட் பீப்பிள்' அக்காவின் படம். அக்காவிடம் ஒரு பழக்கம்: பயந்தால் கண்ணை மூடமாட்டாள், காதைப் பொத்துவாள். இரவில் ஒரு பெண் தெருவில் தனியாக நடக்கிறாள். பின்னால் இன்னொரு காலடிச் சத்தம். திடீரென்று பின்சத்தம் நின்றுவிடுகிறது. அவள் நடையைக் கூட்டுகிறாள், ஏதோ பாயப்போகிறது என்று நாம் இறுகிப்போகும் நேரம் 'உஸ்ஸ்' என்று சீறிக்கொண்டு ஒரு பஸ் வந்து நிற்கிறது. வெறும் பஸ். தயாரிப்பாளர் வால் லூட்டன் பெயரால் இந்த உத்திக்கு 'லூட்டன் பஸ்' என்றே பேராகிவிட்டது. நான் துள்ளினேன். காதைப் பொத்தியிருந்த அக்கா, "பஸ்ஸுக்கா இந்தத் துள்ளு?" என்றாள். அன்றிலிருந்து எங்களுக்கு ஒரு விதி: முக்கியமான காட்சியை ஒருமுறை ஒலியோடு, ஒருமுறை ஒலியில்லாமல் பார்க்க வேண்டும்.

இப்போது முதல் பகுதியைப் போடலாம். அதில் கார்லா லெம்லியைப் பார்க்கும்போது மட்டும் நோட்டை மூடிவிடுங்கள். 1909இல் பிறந்தவர். யுனிவர்சலை நிறுவிய கார்ல் லெம்லி அவருடைய அப்பாவின் சகோதரர். பதின்பருவத்தில் 'ஃபேண்டம்' படத்தில் நடனமாடினார், 1931 'டிராகுலா'வில் முதல் வசனம் அவர் வாயிலிருந்துதான் வந்தது. நூறு வயதை எட்டிய நிலையில் கேட்டிஸ் எதிரே உட்கார்ந்து பேசுகிறார். படத்தை முன்கூட்டியே பார்த்திருந்தால் அந்த முகத்தில் பழைய நடனக்காரியைத் தேடுவீர்கள். முதல்முறை எனக்கு அவர் யாரோ ஒரு பாட்டி.

இரண்டாம் பகுதி இங்கிலாந்தின் ஹேமர் நிறுவனம். ஹேமர் படங்களில் கிறிஸ்டோபர் லீ நடித்த 1958 'டிராகுலா' ஒன்று போதும். மாடிப்படி உச்சியில் கறுப்பு நிழலாக நின்று, கீழே இறங்கி வந்து வெகு மரியாதையாகப் பேசுவார். அடுத்து நாம் பார்க்கும்போது கண் சிவந்து, வாயெல்லாம் ரத்தம், அதுவும் வண்ணத்தில். ஜேம்ஸ் பெர்னார்டின் இசையைக் கவனியுங்கள், 'டி-ரா-குலா' என்று பெயரையே கூப்பிடும். இந்தப் பகுதியில்தான் இயக்குநர் பியர்ஸ் ஹாகர்ட் தன் படத்தைப் பற்றிப் பேசும்போது 'ஃபோக் ஹாரர்' (நாட்டுப்புற நம்பிக்கைகளிலிருந்து பிறக்கும் திகில்) என்ற சொல் வருகிறது. இன்று எல்லோர் வாயிலும் புழங்கும் அந்தச் சொல்லைப் பரப்பியதில் இந்தத் தொடருக்குப் பங்குண்டு. அதோடு சேர்த்துப் பேசப்படும் 'தி விக்கர் மேன்' (1973) படத்தைப் பார்க்காமல் இரண்டாம் பகுதியைத் தொடவே தொடாதீர்கள். போஸ்டரைக்கூடப் பார்க்காதீர்கள்.

மூன்றாவது பகுதிக்கு 'சைக்கோ' (1960), 'நைட் ஆஃப் தி லிவிங் டெட்' (1968), 'ஹாலோவீன்' (1978). நடுவில் உள்ளதைத் தேட அலைய வேண்டாம். கடைசி நேரத்தில் படத்தின் பெயரை மாற்றியபோது காப்புரிமைக் குறிப்பு விட்டுப்போய், அமெரிக்காவில் அது பொதுச்சொத்தாகிவிட்டது. இணையத்தில் சட்டப்படியே இலவசமாகக் கிடைக்கும். 'சைக்கோ' குளியலறைக்கு எங்கள் விதியைப் போட்டுப் பார்த்தோம். ஒலியில்லாமல் பார்த்தால் வெட்டி ஒட்டிய துண்டுகள் தெரிகின்றன, பயம் பாதிதான். அங்கே இசையே வேண்டாம் என்றுதான் ஹிட்ச்காக் முதலில் நினைத்திருந்தார். இசையமைப்பாளர் பெர்னார்ட் ஹெர்மன் வெறும் தந்திவாத்தியங்களை வைத்து எழுதிக் காட்டியதும் மனம் மாறினார். காதைப் பொத்தும் அக்கா சொன்னாள்: "நான் அப்பவே சொன்னேன்ல?"

இந்தப் பகுதியில் பேசப்படும் சில படங்கள் எனக்கு ஆகாது. ரத்தம்கூடக் காரணமில்லை, மனிதர்கள் துடிப்பதைப் பார்க்க முடியவில்லை. ஆகாதென்றால் விட்டுவிடுங்கள், தொடரில் அந்தத் துண்டை ஓட்டியும் விடலாம்.

மூன்றும் முடிந்ததும் நோட்டின் கடைசிப் பக்கத்தில், தொடரில் வராததை எழுதுங்கள். என் பட்டியலில் முதலில் இருந்தது ஜெர்மனி: 1920இன் 'காலிகாரி', 1922இன் 'நோஸ்ஃபெராட்டு'. ஐரோப்பாவுக்காகக் கேட்டிஸ் 2012இல் 'ஹாரர் யூரோப்பா' என்று தனியாகவே ஒன்று செய்தார், அடுத்து அதைப் போடலாம். ஜப்பான் இன்னும் பட்டியலிலேயே நிற்கிறது. ஈலாய் ராத்தின் தொடரை எடுப்பது அதற்குப் பிறகு. அதை வரிசையாகப் பார்க்கத் தேவையில்லை, நட்சத்திரம் போட்ட படம் எந்த வகையோ அந்தப் பகுதியைத் திறந்தால் போதும். எனக்கு அது ஸோம்பி, அக்காவுக்குப் பேய்வீடு.