ரோட்டரி டேபிளுக்கு மோட்டார் மாட்டுறப்போ சறுக்குற இடங்கள்

ரோட்டரி டேபிள்னா, வேலைய மேல கட்டி, ஹேண்டிலச் சுத்தி வேணுங்குற கோணத்துக்குத் திருப்புற வட்ட மேஜை. அந்த ஹேண்டிலக் கழட்டிட்டு அந்த இடத்துல ஒரு ஸ்டெப்பர் மோட்டார (சின்னச் சின்ன ஸ்டெப்பா சுத்துற மோட்டார்) மாட்டினா கதை முடிஞ்சதுன்னுதான் நானும் நெனச்சேன். ஆனா டேபிள்ல ஏற்கனவே இருக்குற லூஸு மோட்டார் வந்ததும் எங்கயும் போயிடாது, கையால சுத்தும்போது விரலுக்குத் தெரிஞ்சிட்டிருந்தது இனிமே தெரியாது, அவ்ளோதான்.

அதனால மோட்டார் வாங்குறதுக்கு முன்னாடி டயல் கேஜ் (சின்ன நகர்வ அளக்குற முள்ளு கருவி) வச்சு பேக்லாஷ, அதாவது இந்த லூஸ, பாருங்க. லூஸு ரெண்டு இடத்துல இருக்கும். ஒன்னு வார்முக்கும் (ஹேண்டில் சுத்துற திருகு மாதிரி கியர்) வார்ம் வீலுக்கும் (அது திருப்புற, டேபிளோட இருக்குற பல் சக்கரம்) நடுவுல, இன்னொன்னு வார்மே முன்ன பின்ன நகர்றது. நிறைய டேபிள்ல வார்ம் ஒரு எக்சென்ட்ரிக் புஷ்ல (ஓட்டை நடுவுல இல்லாம ஒதுங்கி இருக்குற புஷ்) உக்காந்திருக்கும், அதத் திருப்பினா பல்லு நெருங்கும். ரெண்டாவது லூஸ விட்டுட்டு எல்லாத்தையும் இந்த புஷ்லயே சரி பண்ணப் பாத்தா வார்ம் இறுகிடும். இன்னொன்னு, வீல் சுத்தி எல்லா இடத்துலயும் ஒரே மாதிரி இருக்காது, முழுசா ஒரு சுத்து சுத்திப் பாத்து எங்க ரொம்ப டைட்டா இருக்கோ அங்க வச்சு அட்ஜஸ்ட் பண்ணுங்க, இல்லன்னா நடு வேலைல அந்த இடம் வந்து பிடிச்சிக்கும். மிச்சம் இருக்குற லூஸுக்கு ஒரே வழி, எப்பவும் ஒரே பக்கத்துல இருந்து வந்து நிக்க வைக்குறதுதான்.

ரேஷியோவ, அதாவது டேபிள் ஒரு முழு சுத்து சுத்த ஹேண்டில் எத்தன சுத்து சுத்தணும்ங்குறத, நம்பிக்கைல போடாதீங்க. 40, 72, 90னு பல விதம் இருக்கு. ஹேண்டில் ஒரு சுத்துக்கு 4 டிகிரின்னா 90, 5ன்னா 72, 9ன்னா 40.

அடுத்து என் பாக்கெட்டக் கடிச்ச தப்பு. இஞ்ச் லேத்துல மில்லிமீட்டர் மரை வெட்ட 127 பல் கியர் வேணும்னு, அத இந்த டேபிள்ல வச்சே வெட்ட இறங்கினேன். ஒரு சுத்துக்கு 200 ஸ்டெப் மோட்டார், 90 ரேஷியோ, மொத்தம் 18000 ஸ்டெப். 127ஆல வகுத்தா 141.73 வருது, நான் 142னு போட்டு ஒவ்வொரு பல்லுக்கும் அதையே கூட்டிக்கிட்டே போனேன், முழு சுத்துல 34 ஸ்டெப் ஜாஸ்தியாகி கடைசிப் பல்லு பாதி தடிமன்ல நின்னுச்சு. வெட்டி முடிக்குற வரைக்கும் எதுவும் தெரியல பாருங்க, அதான் கடுப்பு. ஒவ்வொரு பல்லோட இடத்தையும் ஜீரோல இருந்து தனித்தனியா கணக்குப் போட்டு அப்புறம் ரவுண்ட் பண்ணனும், அப்படிப் பண்ணா பிழை எங்கயும் அரை ஸ்டெப்ப, அதாவது 0.01 டிகிரியத் தாண்டாது.

மைக்ரோஸ்டெப்ப, அதாவது ஒரு ஸ்டெப்ப இன்னும் சின்னதாப் பிரிக்குறத, ஏத்தினா துல்லியம் கூடும்னு நெனைக்குறதும் அப்படித்தான். 16 மைக்ரோஸ்டெப்ல ஒரு சின்ன ஸ்டெப்புக்குக் கிடைக்குற டார்க் (திருப்புற பலம்) ஹோல்டிங் டார்க்ல (மோட்டார் நின்ன இடத்துலயே பிடிச்சிருக்குற பலம்) ஏறக்குறைய 10 சதவீதம்தான், வார்மோட உராய்வு அதவிட ஜாஸ்தியா இருந்தா மோட்டார் அசையாம நின்னுட்டு நாலஞ்சு பல்ஸ் கழிச்சு குதிக்கும். மைக்ரோஸ்டெப்ப சத்தம் குறையுறதுக்கு வச்சுக்கோங்க.

கட்டர் வெட்டும்போது லாக் போடணும், ஏன்னா அந்த அடியெல்லாம் வார்ம் பல்லு வாங்கக் கூடாது. ஆனா லாக்க எடுக்க மறந்துட்டு அடுத்த பல்லுக்குப் போகச் சொன்னா மோட்டார் ர்ர்ர்னு உறுமிட்டு அங்கயே நிக்கும், கன்ட்ரோலரோ போயாச்சுன்னு எண்ணிக்கும். லாக் லிவர்ல ஒரு மைக்ரோ ஸ்விட்ச் வச்சு, லாக் இருக்குறப்போ நகரவே கூடாதுன்னு பண்ணிட்டேன், அதுக்கப்புறம் நிம்மதி.

மவுண்ட் பண்ணும்போது, நேமா 23 (மோட்டார் முகத்தோட அளவக் குறிக்குற ஸ்டாண்டர்ட்) மோட்டார் முகம் சுமாரா 57 மில்லி சதுரம், ஷாஃப்ட் சென்டருக்குக் கீழ 28.5 மில்லி இறங்கும். டேபிள படுக்க வச்சும் நிமித்தி வச்சும் அளந்து பாருங்க, இடிச்சா டைமிங் பெல்ட் போட்டு மோட்டார ஒதுக்கிடலாம். ரிஜிட் கப்ளிங் வேண்டாம், சென்டர் கொஞ்சம் விலகினாலும் பிடிக்கும். உருண்டை ஷாஃப்ட் மேல வெறும் கிரப் ஸ்க்ரூ (தலை இல்லாத ஸ்க்ரூ) என்னைக்காவது வழுக்கும், ஃபைல் போட்டு ஒரு ஃப்ளாட் எடுத்துடுங்க.

கடைசியா, பவர் ஓடிட்டிருக்கும்போது மோட்டார் ஒயரப் பிடுங்காதீங்க, ட்ரைவர் (மோட்டாருக்குக் கரண்ட் குடுக்குற போர்டு) அங்கயே போயிடும். தானா கழண்டாலும் அதே கதிதான், அதனால ஸ்க்ரூ போட்டு இறுக்குற கனெக்டரா வாங்குங்க.