மட்சா கட்டிபட்டுக் கசந்தது ஏன்?

கொழும்பு வெள்ளவத்தையில் வாங்கிய மட்சா, அதாவது ஜப்பானியப் பச்சைத் தேயிலைத் தூள், ஆரம்பத்தில் நல்ல பச்சை. அப்புறம் குருணையாகக் கட்டிபட்டு, காக்கி நிறமாகி, கசக்கத் தொடங்கியது. கொதிநீரை 75 பாகை செல்சியசுக்கு ஆறவிட்டேன். கசப்பு கொஞ்சம் குறைந்தது, கட்டி கரையவில்லை. பால்மாவை மாற்றியும், மூங்கில் துடைப்பத்தால் அடித்தும் பயனில்லை.

விஷயம் பிடிபட்டது டின் மூடியின் உள்பக்கத்தில்தான். பிரிட்ஜிலிருந்து எடுத்த கையோடு திறந்தால், கொழும்பின் ஈரக்காற்று பட்டு அங்கே பொடிப்பொடியாக வேர்க்கிறது. அந்த ஈரம் தூளில் இறங்குகிறது. இப்போது அன்றாடத் தேவைக்குச் சின்னப் போத்தல். பெரிய டின்னை அறைச் சூட்டுக்கு வந்த பிறகே திறக்கிறேன். 2 கிராம் தூளைத் தேயிலை வடியில் சலித்து, 70 மில்லி தண்ணீரில் அடித்தால் கட்டியே இல்லை. பெரிய நிம்மதி.

நிழலில் வளர்த்த இலையை முழுசாக அரைப்பதால் கேட்டசின் என்ற ஆக்சிசனேற்றத் தடுப்பானும் எல்-தியனைன் என்ற அமினோ அமிலமும் தூளோடு நமக்குச் சேர்கின்றன. கஃபீனும்தான், அதனால் இரவில் வேண்டாம். சோற்றோடு குடித்தால் உணவின் இரும்புச்சத்து உடலில் சேர்வது குறையும். ஒரு மணிநேரமாவது இடைவெளி விடுங்கள். கரைத்ததைக் குளிர்ந்த செவ்விளநீரில் ஊற்றிக் குடித்துப் பாருங்கள், சீனியே தேவையில்லை.