சர்வர் சூடாகிறதா? ஏசியைக் குறைக்கும் முன் காற்று போகும் வழியைப் பாருங்கள்

சர்வர் ரூமில் ஃபேன் இரைச்சல் கூடியதும் பலரும் ரிமோட்டை எடுத்து ஏசியை 18-க்கு இறக்கிவிடுவார்கள். அறை குளிரும், சர்வரின் சூடு அப்படியே இருக்கும். சர்வரின் முகப்பு வழியாக உள்ளே போகும் காற்று எத்தனை டிகிரி என்பதுதான் கணக்கு. ஒன்றிரண்டு ரேக் (சர்வர்களை அடுக்கும் சட்டம்) வைத்திருக்கும் அலுவலகங்களுக்கான செய்முறை இது.

படி 1: அளவெடுங்கள்

டெல் சர்வர் என்றால் ஐடிராக், எச்பி என்றால் ஐஎல்ஓ எனும் நிர்வாகப் பக்கத்தைத் திறந்து, 'இன்லெட்' (உள்ளே போகும் காற்று) வெப்பநிலையைக் குறித்துக்கொள்ளுங்கள். குளிரூட்டல் பொறியாளர்களின் ஆஷ்ரே அமைப்பு பரிந்துரைப்பது 18 முதல் 27 டிகிரி செல்சியஸ் வரை. இன்லெட் 24, சிபியு மட்டும் 90-ஐத் தாண்டுகிறது என்றால் கோளாறு பெட்டிக்குள்ளே. நேராகப் படி 4-க்குப் போங்கள். இன்லெட்டே 32 என்றால் கோளாறு வெளியே.

பிறகு ரேக்கின் முகப்பில் கீழே, நடுவில், மேலே என மூன்று இடங்களில் காற்றின் சூட்டை அளக்க வேண்டும். ஒயர் சென்சார் உள்ள சாதாரண டிஜிட்டல் தெர்மாமீட்டர் போதும். துப்பாக்கி வடிவ இன்ஃப்ராரெட் மீட்டர் வேண்டாம். அது காற்றை அளக்காது, பரப்பைத்தான் அளக்கும். பளபளக்கும் உலோகத்தில் அந்த அளவும் தப்பாக வரும்.

படி 2: சுடுகாற்று முன்னால் திரும்புவதை நிறுத்துங்கள்

கீழே 22, மேலே 31 என்று வந்தால் ஏசியில் குறையில்லை. பின்னால் வெளியேறிய சுடுகாற்று காலி இடங்கள் வழியாக முன்னால் வந்து மறுபடி உள்ளே போகிறது. பெரும்பாலானோர் தடுமாறுவது இங்கேதான்.

ஒரு டிஷ்யூ காகிதத்தை மெல்லிய பட்டையாகக் கிழித்து, ரேக்கின் முன்பக்கம் ஒவ்வொரு இடைவெளியிலும் பிடித்துப் பாருங்கள். சர்வர் முகப்பில் பட்டை உள்ளே இழுபட வேண்டும். காலி இடத்தில் அது உங்கள் பக்கம் பறந்தால் அங்கே சுடுகாற்று கசிகிறது. ரேக்கில் 1யூ (ஓர் அடுக்கு) இடத்தின் உயரம் 44.45 மி.மீ.; அதற்கான பிளாங்க்கிங் பேனலை (காலி இடத்தை மூடும் தகடு) பொருத்துங்கள். திருகு வேண்டாத பிளாஸ்டிக் வகையே நல்லது. திருகு வகையைக் கழற்றியவர்கள் திரும்ப மாட்டுவதில்லை. கேபிள் நுழையும் ஓட்டைகளையும் ரேக்கின் பக்கவாட்டு இடைவெளிகளையும் ஃபோம் வைத்து அடையுங்கள்.

அடுத்தது நெட்வொர்க் ஸ்விட்ச். கேபிள் செருகும் போர்ட்டுகள் பின்பக்கம் இருக்கும்படி அதைப் பொருத்துவது வழக்கம். போர்ட் பக்கமாகக் காற்றை உறிஞ்சும் மாடலாக இருந்தால், அது சுடுகாற்றை இழுத்து, அதைவிடச் சூடாக முன்னால் தள்ளும். மேலேயுள்ள சர்வர் அதை விழுங்கும். ஃபேன் மாட்யூலை எதிர்த்திசை வகைக்கு மாற்றலாம். பவர் சப்ளையின் காற்றும் அதே திசையில் ஓட வேண்டும். ஒன்றை மட்டும் மாற்றினால் எச்சரிக்கை விளக்கு எரியும், சில மாடல்கள் அணைந்தும் போகும்.

முன்கதவு கண்ணாடியா? கழற்றிவிட்டு, துளையிட்ட கதவைப் போடுங்கள்.

படி 3: ஏசி

யூபிஎஸ் திரையில் லோடு எத்தனை வாட் என்று பாருங்கள். ஒரு வாட்டுக்கு மணிக்கு 3.412 பிடியூ (வெப்ப அலகு), ஒரு டன் ஏசி 12,000 பிடியூ. 2,000 வாட் லோடுக்கு 6,824 பிடியூ. வெயில்படும் சுவர், யூபிஎஸ் கக்கும் சூடு எல்லாம் சேர்த்து ஒரு டன் வேண்டும். இரண்டு டன்னில் ஒன்று வாங்குவதைவிட ஒரு டன்னில் இரண்டு வாங்கி மாற்றி மாற்றி ஓட்டுங்கள். ஒன்று படுத்தாலும் சர்வர் பிழைக்கும்.

மின்வெட்டில் சர்வர் யூபிஎஸ்ஸில் ஓடும், ஏசி நின்றுவிடும். கரண்ட் வந்த பிறகும் ஆட்டோ ரீஸ்டார்ட் இல்லாத ஏசி தானாக எழாது. சனிக்கிழமை இரவு நின்றது திங்கள் காலைதான் தெரியவரும். ஏசியின் எம்சிபியை இறக்கி ஏற்றி இன்றே சோதியுங்கள். கம்ப்ரஸர் கிளம்ப மூன்று நிமிடம் வரை ஆகலாம், பொறுங்கள்.

படி 4: பெட்டிக்குள்ளே

முறைப்படி ஷட்டவுன் செய்து, இரண்டு பவர் கேபிளையும் உருவி, ஆன்டி ஸ்டாட்டிக் பட்டையை மணிக்கட்டில் மாட்டுங்கள். தூசிக்கு மென்மையான பிரஷும் சிறிய புளோயரும் போதும். ஊதும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் கட்டுமீறிச் சுழன்று பேரிங் கெடும். வீட்டு வேக்குவம் கிளீனர் நிலைமின்சாரம் உண்டாக்கும், வேண்டாம்.

சிபியு மேலுள்ள கறுப்பு பிளாஸ்டிக் மூடி அலங்காரமல்ல. சிபியுவின் சூட்டை வாங்கும் உலோகத் துண்டான ஹீட்சிங்க் வழியாகக் காற்றைச் செலுத்துவது அதுதான். மறக்காமல் திரும்ப மாட்டுங்கள். மேல்மூடியைத் திறந்து வைத்து ஓட்டினாலும் சூடு கூடத்தான் செய்யும்.

சிபியுவுக்கும் ஹீட்சிங்குக்கும் நடுவே உள்ள தெர்மல் பேஸ்ட் காய்ந்திருந்தால் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் துடைத்துப் புதிதாக இடுங்கள். சர்வர் சிபியு அகலமானது. நடுவில் ஒரு பட்டாணி அளவு ஓரங்களை எட்டாது, பெருக்கல் குறிபோல இடுங்கள். ஹீட்சிங்க் திருகுகளை அதில் அச்சிட்ட எண் வரிசையில், கொஞ்சம் கொஞ்சமாக முடுக்க வேண்டும்.

வெப்பநிலை சரியாக இருந்தும் டெல் சர்வரில் ஃபேன் அலறுகிறதா? வேறு நிறுவன பிசிஐஇ கார்டு (கூடுதலாகச் செருகும் அட்டை) செருகினால் பாதுகாப்புக்காக ஃபேன் வேகம் தானே கூடும். அது சூட்டுக் கோளாறல்ல.

படி 5: எச்சரிக்கை

இன்லெட் 30 ஆனால் குறுஞ்செய்தி; 38-ஐத் தாண்டி மூன்று நிமிடம் நீடித்தால் தானியங்கி ஷட்டவுன். லினக்ஸில் ஐபிஎம்ஐடூல் (சர்வர் சென்சார்களைப் படிக்கும் கருவி) மூலம் நிமிடத்துக்கு ஒருமுறை அளவைப் படிக்கும் சிறு ஸ்கிரிப்ட் போதும். விர்ச்சுவல் மெஷின்கள் (சர்வருக்குள் மென்பொருளாக ஓடும் கணினிகள்) முதலில், ஸ்டோரேஜ் கடைசியில் அணையும்படி வரிசையை எழுதுங்கள்.