மெமரி கார்டுக்கு எந்த ஃபார்மட்? என் அனுபவம்

பாளையங்கோட்டைப் பக்கம் எங்கள் ஊர் சுடலைமாடன் கோயில் கொடையில் பாடிய வில்லுப்பாட்டை வீடியோ எடுத்து, லேப்டாப்பில் ஒரே ஃபைலாக்கினேன். 7 ஜிபி. அதை 64 ஜிபி மெமரி கார்டில் ஏற்றி அத்தானிடம் கொடுக்க வேண்டும். 4 ஜிபி வந்ததும் நின்றுவிட்டது. 'ஃபைல் மிகப் பெரியது' என்றது. கார்டிலோ பாதிக்கு மேல் காலி!

கார்டு போய்விட்டது என்றுதான் பயந்தேன். பார்த்தால் அதன் ஃபார்மட், அதாவது கார்டில் ஃபைல்களை அடுக்கிவைக்கும் முறை, ஃபேட்32. ஃபைலின் அளவைக் குறித்துவைக்க அதில் 32 பிட்தான் இடம். அதனால் கார்டு எவ்வளவு பெரியதானாலும் ஒரு ஃபைல் 4 ஜிபியைத் தொட முடியாது.

சரி, வேறு எது? என் லேப்டாப்பில் லினக்ஸ்; லினக்ஸின் ஃபார்மட்டான எக்ஸ்ட்4 எனக்கு வசதி. ஆனால் அத்தானின் விண்டோஸ் அதைத் தானாகப் படிக்காது. விண்டோஸின் ஃபார்மட்டான என்டிஎஃப்எஸ் இரண்டிலும் ஓடும், ஆனால் பல கேமராக்கள் ஏற்காது. மிஞ்சியது எக்ஸ்ஃபேட். மைக்ரோசாஃப்ட் 2006-இல் ஃபிளாஷ் மெமரிக்காகவே கொண்டுவந்தது. 2019-இல் வந்த லினக்ஸ் கர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) 5.4 முதல் லினக்ஸிலும் ஆதரவு உண்டு.

கார்டில் இருந்த படங்களை ஹார்ட் டிஸ்கில் பத்திரப்படுத்திவிட்டு ஃபார்மட் செய்தேன். ஏழு ஜிபியும் தடையில்லாமல் ஏறியது. ஒன்று மட்டும் கவனம்: எக்ஸ்ஃபேட்டில் ஜர்னல், அதாவது செய்யப்போகும் மாற்றங்களை முன்கூட்டியே குறித்துவைக்கும் பதிவு, கிடையாது. எழுதும்போது கார்டைப் பிடுங்கினால் ஃபைல் சிதையலாம்; 'எஜெக்ட்' கொடுத்துத்தான் எடுக்க வேண்டும்.

அன்று ராத்திரி அத்தான் வீட்டில் ஆச்சி, குடம் அடிப்பவரின் கையையே பார்த்தபடி கடைசிவரை உட்கார்ந்திருந்தாள்.