காலையில் மட்டும் மக்கர் செய்த சோலார்

நீலாங்கரையில் கடலுக்குப் பக்கத்துத் தெரு எங்களுடையது. மாடியில் 3 கிலோவாட் சோலார், மத்திய அரசு மானியம் 78,000 ரூபாய் போக மீதி கைக்காசு. நல்ல வெயிலில் நாளுக்கு 12 யூனிட் வரும். தை பிறந்ததும் பல நாள் 10-ஐத் தாண்டவில்லை.

வெயில் ஏறியும் இன்வெர்ட்டரில் சிவப்பு விளக்கு, மின்கசிவுப் பிழை. பத்து மணிக்கு மேல் தானாகச் சரியாகிவிடும். டெக்னீஷியன் வருவதோ மதியம், அப்போது எல்லாம் பச்சை. பேனல்களில் படிந்த உப்பைக் கழுவினோம், எர்த் கம்பியை மாற்றினோம். பலனில்லை.

அப்புறம்தான் கவனித்தேன், பனி கொட்டிய காலைகளில் மட்டுமே இந்தப் பிழை. டெக்னீஷியனை விடியற்காலையிலேயே வரவழைத்து, பேனல்களைப் பாதிப் பாதியாகப் பிரித்து எந்தப் பாதியில் கசிவு என்று அளந்தோம். கடைசி பேனலுக்கு அடியில் வயர்களை இணைக்கும் ஒரு கனெக்டர் தொங்கி, இரும்புச் சட்டத்தை உரசிக்கொண்டிருந்தது. திறந்தால் உள்ளே பச்சைக் களிம்பும் உப்பு ஈரமும். வெயிலில் காய்ந்ததும் கசிவு நின்றுவிடும், அவ்வளவுதான் விஷயம்.

அதை வெட்டிவிட்டு, இரு பக்கமும் ஒரே கம்பெனி கனெக்டராகப் போட்டு, சட்டத்தில் படாமல் தூக்கிக் கட்டினோம். சில நூறு ரூபாய்தான். இப்போது காலை ஏழுக்கே ஓடுகிறது. நாளுக்கு 2 யூனிட் சின்னதல்ல, சோலாரில் குறைவது மின்வாரியக் கணக்கில் ஏறும்; அது இரண்டு மாதக் கணக்கில் 500 யூனிட்டைத் தாண்டிவிட்டால் 101 முதல் 200 வரையிலான யூனிட்டுக்கும் விலை கூடிவிடும்.