டர்பனில் புலம்பெயர்ந்தோருக்குத் துணை நிற்கும் இளைஞர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரிலும், அதை ஒட்டி நம் மக்கள் வாழும் சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ், இசிபிங்கோ ஆகிய இடங்களிலும் கோயில்களையும் தமிழ்ச் சங்கங்களையும் பல்கலைக்கழக மாணவர் வட்டங்களையும் ஒட்டி இயங்கும் இளைஞர் குழுக்கள், கொங்கோ, புருண்டி, சோமாலியா, எத்தியோப்பியா, சிம்பாப்வே, மலாவி முதலிய நாடுகளிலிருந்து வந்து இந்நகரில் வாழ்வோருக்கு உணவும் உடையும் தருவதோடு, உலகில் நடக்கும் போர்களைப் பற்றிய கூட்டங்களையும் நடத்துகின்றன. முயற்சி வரவேற்கத்தக்கதே. ஆயினும், வெளிநாட்டவர் என்று பிறர் கண்ணில் படுவதே ஆபத்தாக இருக்கும் ஒரு நகரில், உதவி பெறுபவரை முன்னைவிட அதிகமாக வெளிச்சத்தில் நிறுத்திவிடுகிற உதவியை நன்மை என்று சொல்ல இயலாது. பெரும்பாலான தவறுகள் இதை மறப்பதிலிருந்தே பிறக்கின்றன.

2008 மே மாதத்தில் ஜோகன்னஸ்பர்க்கின் அலெக்சாண்ட்ராவில் வெளிநாட்டவருக்கு எதிராக மூண்டு நாடெங்கும் பரவிய வன்முறையில் 62 பேர் உயிரிழந்தனர். 2015இல் இசிபிங்கோ பகுதியில் தொடங்கிய தாக்குதல்களால் வீடிழந்தோருக்காக இசிபிங்கோ, சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ் ஆகிய நம் ஊர்களிலேயே தற்காலிக முகாம்கள் அமைக்கப்பட்டன. இந்த நினைவு இருக்கும்போதே, குடிசைப் பகுதியின் முனையில் பக்கி எனும் சிறு சரக்கு வண்டியை நிறுத்தி, சங்கத்தின் பெயர் பொறித்த பதாகையைக் கட்டி, வெளிநாட்டுக் குடும்பங்களை மட்டும் பெயர் சொல்லி அழைத்து மக்காச்சோள மாவு மூட்டைகளைக் கொடுப்பது எவ்வளவு பெரிய பிழை என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். அடுத்த குடிசையில் வேலையற்றிருக்கும் உள்ளூர் ஜூலுக் குடும்பம் அதைப் பார்த்துக்கொண்டுதான் நிற்கிறது. வண்டி அரை மணி நேரத்தில் புறப்பட்டுவிடும். மூட்டையைப் பெற்றவர் அன்றிரவும் அங்கேதான் உறங்க வேண்டும். எனவே பகிர்வு ஓரிடத்தில் நடந்தால், அங்கு வறுமையில் வாடும் அனைவருக்கும் நடக்க வேண்டும். அதற்குப் பொருள் போதாதென்றால், ஏற்கெனவே அப்பணியைச் செய்துவரும் நிறுவனங்களிடம் ஒப்படைப்பது நல்லது. இம்மானுவேல் பேராலயத்தை அடுத்துள்ள டெனிஸ் ஹர்லி மையத்தில் உள்ளூரின் வீடற்றோரும் அகதிகளும் ஒரே கூரையின் கீழ் உதவி பெறுகின்றனர். ஆடி மாதத்தில் மாரியம்மன் கோயில்களில் கஞ்சி வார்க்கும்போது வருபவர் எந்த ஊரார் என்று நாம் கேட்பதில்லையே. அந்த வழக்கத்தை வாசலுக்கு வெளியேயும் கொண்டு செல்லலாம்.

அடுத்தது புகைப்படம். இதை எத்தனை முறை சொன்னாலும் மீண்டும் நடக்கிறது. புகலிடம் கோரி வந்தவர்களில் பலர், தம்மைத் தேடுபவர்களுக்கு அஞ்சி ஓடி வந்தவர்கள். ஊரில் இன்னும் தாயும் தம்பியும் இருப்பார்கள். இந்நாட்டின் அகதிகள் சட்டமும் புகலிட விண்ணப்பங்களின் இரகசியத்தைக் காக்கச் சொல்கிறது. அப்படியிருக்க, அவர் பொருளைக் கையில் வாங்கும் படத்தை, பின்னணியில் கடைப் பெயரும் தெருப் பலகையும் தெரியும்படி இன்ஸ்டாகிராமில் இடுவதற்கு நமக்கு என்ன உரிமை இருக்கிறது? ‘அவரிடம் கேட்டுத்தான் எடுத்தோம்’ என்பார்கள். மாவு மூட்டை நம் கையில் இருக்கும்போது கேட்கப்படும் சம்மதத்தை மறுக்க அவரால் முடியாது. நன்கொடையாளருக்குக் கணக்குக் காட்ட மூட்டைகளின் படமும் இரசீதும் போதும். குழந்தைகளின் முகம் எக்காரணத்துக்காகவும் வேண்டாம்.

ஆவணங்கள் பற்றிப் பேசும்போது மிகுந்த எச்சரிக்கை வேண்டும். முதலாவதாக, எல்லாரும் அகதிகள் அல்லர். 1998ஆம் ஆண்டின் அகதிகள் சட்டப்படி, விண்ணப்பம் பரிசீலனையில் உள்ளவருக்கு 22ஆம் பிரிவின் கீழும், அகதியாக ஏற்கப்பட்டவருக்கு 24ஆம் பிரிவின் கீழும் தங்குவதற்கான அனுமதிச் சீட்டு வழங்கப்படுகிறது. சிம்பாப்வேயர் பலரிடம் இருப்பதோ முற்றிலும் வேறான விலக்கு அனுமதி. வேறு சிலரிடம் எதுவும் இருக்காது. ஒருவருக்குப் பொருந்தும் யோசனை மற்றவருக்குக் கேடாகலாம். இரண்டாவதாக, பழைய துண்டறிக்கைகளை அப்படியே வாட்ஸ்அப்பில் அனுப்பக் கூடாது. 22ஆம் பிரிவுச் சீட்டு காலாவதியாகி ஒரு மாதத்துக்குள் புதுப்பிக்கப்படாவிட்டால் விண்ணப்பமே கைவிடப்பட்டதாகக் கருதப்படும் என்ற விதி 2020இல் நடைமுறைக்கு வந்தது; அரசியலமைப்பு நீதிமன்றம் 2023 டிசம்பரில் அதைச் செல்லாததாக்கியது. அந்தப் பழைய விதியை இன்றும் உண்மையென நம்பி, ‘எனக்கு இனி வழியில்லை’ என்று உள்துறை அலுவலகத்தின் பக்கமே போகாமல் இருப்பவருக்கு நாம் அனுப்பும் துண்டறிக்கை என்ன செய்யும் என்று சொல்ல வேண்டியதில்லை. அதே வேளையில், ‘சீட்டு வாங்கித் தருகிறோம்’ என்று வாக்களிப்பதும் தவறு; அது இடைத்தரகர்களின் பேச்சு. டர்பனில் அலுவலகம் வைத்துள்ள மனித உரிமைகளுக்கான வழக்கறிஞர்கள் அமைப்பு போன்ற இடத்துக்கு உடன் அழைத்துச் செல்வதும், போக்குவரத்துச் செலவைக் கொடுப்பதும், வரிசையில் நிற்கும் நேரத்தில் குழந்தையைப் பார்த்துக்கொள்வதும் இளைஞர்களால் செய்யக்கூடியவை.

மருத்துவமனைக்கும் பள்ளிக்கும் இந்த எச்சரிக்கை பொருந்தும். 2025இல் இந்நகரின் மருத்துவமனை வாசல்களில் சிலர் கூடி நின்று, அடையாள அட்டை கேட்டு வெளிநாட்டவரைத் திருப்பி அனுப்பினர். அவசர சிகிச்சையை எவருக்கும் மறுக்கக் கூடாது என்று அரசியலமைப்பின் 27ஆம் பிரிவு கூறுகிறது. ஆவணமில்லாத குழந்தையைப் பள்ளியிலிருந்து விலக்கக் கூடாது என 2019 டிசம்பரில் மக்காண்டா உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இவற்றை அறிந்திருப்பது அவசியம். ஆனால் நோயாளியை அருகில் நிறுத்திக்கொண்டு வாசலில் நிற்பவர்களோடு சட்டம் பேசுவது வீரமாகத் தோன்றினாலும், அதன் விலையைக் கொடுப்பவர் நோயாளியே.

போர்களைப் பற்றிய விழிப்புணர்வுக்கு வருவோம். 2023 டிசம்பரில் தென்னாப்பிரிக்கா இஸ்ரேலுக்கு எதிராகச் சர்வதேச நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது முதல், காசா பற்றிய கூட்டங்களுக்கு அரங்கு நிறைகிறது; அது நியாயமே. ஆனால் 2023 ஏப்ரலில் சூடானில் தொடங்கிய போரும், 2017 அக்டோபர் முதல் நம் அண்டை நாடான மொசாம்பிக்கின் காபோ டெல்காடோ மாகாணத்தில் நடக்கும் ஆயுதக் கிளர்ச்சியும், 2025 ஜனவரியில் துட்சி இனத்தவர் தலைமையிலான எம்23 கிளர்ச்சிப் படை கிழக்குக் கொங்கோவின் கோமா நகரைப் பிடித்ததும் அதே மேடையில் ஒரு வாக்கியத்தோடு கடந்து போகின்றன. கோமாவைச் சுற்றி நடந்த அந்தச் சண்டையில் தென்னாப்பிரிக்கப் படைவீரர்களும் உயிரிழந்தனர் என்பதும், கொங்கோ மக்கள் நம் நகரத்தின் கடைகளிலும் கார் நிறுத்தங்களிலும் நாள்தோறும் நம்மைச் சந்திக்கிறார்கள் என்பதும் ஏனோ நினைவுக்கு வருவதில்லை.

அதைவிட நுட்பமான தவறு ஒன்று உண்டு. ‘கொங்கோ மாலை’ என்று ஏற்பாடு செய்து, அறிமுகமான ஓர் அகதியை மேடையேற்றி, ‘உங்கள் நாட்டில் என்ன நடக்கிறது, சொல்லுங்கள்’ என்று கேட்பார்கள். கிழக்குக் கொங்கோவிலிருந்து வந்தவர்களுள் துட்சிகளும் இருக்கிறார்கள், எம்23ஆல் விரட்டப்பட்டவர்களும் இருக்கிறார்கள். எத்தியோப்பியரில் திக்ரேயரும் அம்ஹாராக்களும் ஒரோமோக்களும் இருக்கிறார்கள். அவையில் யார் அமர்ந்திருக்கிறார் என்று அறியாமல் ஒருவரைப் பேச வைத்தால், அவர் பொய் சொல்ல நேரிடும், அல்லது பகையைத் தேடிக்கொள்வார். 2009க்குப் பின் ஈழத்தைப் பற்றிப் பேசும் அவைகளில் இருந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. போரின் காரணங்களையும் காலவரிசையையும் நாமே படித்துச் சொல்லலாம். வந்தவர் விரும்பினால் தம் தொழிலைப் பற்றியோ சமையலைப் பற்றியோ பேசட்டும். பகிரும் படங்களை முதலில், அவை முன்பு எங்கே வெளிவந்தவை என்று காட்டும் கூகுள் லென்ஸில் சோதிப்பதும் கட்டாயம். சிரியாவின் பழைய படங்கள் ஒவ்வொரு புதிய போரிலும் திரும்பி வருகின்றன.

‘நம் முன்னோரும் கப்பலில் வந்தவர்களே’ என்ற வாக்கியம் ஒவ்வோர் உரையிலும் இடம்பெறுகிறது. 1860 நவம்பர் 16 அன்று துரூரோ கப்பல் சென்னையிலிருந்து வந்து இறங்கியது உண்மை. ஆனால் அவர்கள் ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுவரப்பட்டவர்கள், போருக்கு அஞ்சி ஓடி வந்தவர்கள் அல்லர். அவசர ஒப்பீட்டால் இரு வரலாறுகளும் மங்குகின்றன. பொருத்தமான பக்கங்கள் நம்மிடம் இருக்கின்றன: ஒப்பந்தம் முடிந்தும் இங்கே தங்கியவர் மீது 1895இல் அன்றைய நேட்டால் குடியேற்ற அரசு சுமத்திய மூன்று பவுன் வரி, மாகாண எல்லையை அனுமதியின்றிக் கடந்த சத்தியாகிரகிகளோடு சிறை சென்று, 1914 பிப்ரவரி 22 அன்று பதினாறு வயதில் மறைந்த தில்லையாடி வள்ளியம்மை. தங்குவதற்கே சீட்டும் வரியும் கேட்கப்பட்ட காலத்தை இவற்றைக் கொண்டு விளக்கலாம்.

பணத்தைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை: தனிநபர் வங்கிக் கணக்கில் வாங்கக் கூடாது, இருவர் கையொப்பம் வேண்டும், கணக்கு மாதந்தோறும் வெளிவர வேண்டும். இளைஞர் குழுக்களுக்கே உரிய சிக்கல் வேறு. பள்ளி இறுதியாண்டு மெட்ரிக் தேர்வும் பல்கலைக்கழகத் தேர்வும் வரும்போது பொறுப்பாளர்கள் மறைந்துவிடுகிறார்கள். புலம்பெயர்ந்தோரின் பிள்ளைகளுக்காகக் குழு நடத்தும் சனிக்கிழமை வகுப்புக்கு வந்துகொண்டிருந்த குழந்தை பூட்டிய மண்டபத்தைப் பார்த்துத் திரும்புகிறது. தேர்வுக் காலத்தில் நடத்த முடியாத வகுப்பை அந்த மாதங்களுக்கு இல்லை என முன்னரே அறிவிப்பது தகும். பொறுப்பு கைமாறும்போது, யாருடைய சீட்டு எந்தத் தேதியில் முடிகிறது என்ற குறிப்பு அடுத்தவரிடம் செல்ல வேண்டும். பழைய பொறுப்பாளரின் செல்பேசியில் தங்கிவிட்ட சீட்டுகளின் படங்களை, தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டத்தை மனத்தில் கொண்டு, அன்றே அழித்துவிட வேண்டும்.