அக்சஸ் படிவத்தில் 2950 வந்தால்

உப்புவெளியில் ஒரு விடுதியின் அறைப்பதிவை மைக்ரோசொப்ட் அக்சஸ் என்ற தரவுத்தள மென்பொருளில்தான் பார்த்துக்கொள்கிறேன். பில் பட்டனை அழுத்தியதும் 2950 என்ற பிழை எண்ணோடு ஒரு பெட்டி வந்தால், உடனே மேக்ரோவில் (பட்டனுக்குப் பின்னால் வரிசையாக ஓடும் கட்டளைத் தொகுப்பில்) கை வைக்காதீர்கள். முதலில் மேலே மஞ்சள் நிறப் பாதுகாப்பு எச்சரிக்கைப் பட்டை தெரிகிறதா என்று பாருங்கள். கோப்பு வேறு போல்டருக்குப் போயிருந்தால் அக்சஸ் அதை நம்பாது, சில கட்டளைகளை மறித்துவிடும். அக்சஸ் ஆப்ஷன்ஸில் உள்ள டிரஸ்ட் சென்டரில் அந்த போல்டரை நம்பகமான இடமாகச் சேர்த்து, கோப்பை மூடித் திறந்தால் பெரும்பாலும் சரி. டவுன்லோட்ஸ் போல்டரை மட்டும் சேர்க்காதீர்கள். கண்டது எல்லாம் அங்கேதான் வந்து விழும்.

அப்படியும் வந்தால் மேக்ரோவை டிசைன் வியூவில் (திருத்தும் திரையில்) திறந்து, சிங்கிள் ஸ்டெப்பை அழுத்திவிட்டு, படிவத்தின் பட்டனைத் தட்டுங்கள். கட்டளை ஒவ்வொன்றாக நின்று நின்று ஓடும். எது இடறுகிறது, அதற்கு என்ன கொடுக்கப்பட்டிருக்கிறது என்பது பெட்டியிலேயே தெரியும். எங்கள் விடுதியில் அநேகமாகப் பெயரில்தான் பிழை: டேபிளில் ‘அறைஎண்’ என்றிருந்ததை யாராவது ‘அறை எண்’ என்று ‘திருத்தியிருப்பார்’. இடைவெளி உள்ள பெயரை மேக்ரோவில் சதுர அடைப்புக்குள் எழுத வேண்டும்.

வேலை முடிந்ததும் சிங்கிள் ஸ்டெப்பை நிறுத்துங்கள். இல்லாவிட்டால் விருந்தினர் பையோடு நிற்க, மற்ற மேக்ரோக்களும் அப்படியே நின்று நின்று ஓடும்.